பழைய கிட் வேகனுக்கு அழுக்கேற்ற: எனாமல் வாஷா, பவுடரா?

பாகங்களை ஒட்டிச் செய்யும் மாடல் ரயில் சரக்குப் பெட்டியை ஓடி அழுக்கானதுபோல் காட்ட இரண்டு வழி: வாஷ் (நீர்க்கக் கரைத்த பெயிண்ட்), பவுடர் (உலர்ந்த நிறத்தூள்). எதை எடுத்தாலும், ஒட்டுவதற்கு முன்பே பாகங்களை வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவிவிடுங்கள். பாகங்களை வார்த்த அச்சின் எண்ணெய் மிச்சமிருந்தால் பெயிண்ட் உரியும்.

செலவு
வாஷ்: ஒரு டப்பா அடர்பழுப்பு எனாமலும் (எண்ணெய் வகைப் பெயிண்ட்) அதைக் கரைக்கும் ஒயிட் ஸ்பிரிட்டும் போதும்.
பவுடர்: துரு, கரி, மண் என மூன்று நிறமாவது வேண்டும்.

எளிமை
பவுடர்: மேட் (பளபளப்பில்லாத) பரப்பில்தான் ஒட்டும். பார்க்கப் பிடிக்கவில்லையென்றால் ஈரத்துணியால் துடைத்துவிடலாம்.
வாஷ்: 1 பங்கு பெயிண்டுக்கு சுமார் 10 பங்கு ஸ்பிரிட். அடிப்பூச்சு நன்றாகக் காய்ந்த அக்ரிலிக்காக (நீரில் கரையும் வகைப் பெயிண்ட்) இருக்கட்டும். வெறும் பிளாஸ்டிக்கில் ஸ்பிரிட் தேங்கினால் விரிசல் விடக்கூடும். தூரிகை நுனியால் தொட்டாலே பலகை இடுக்கிலும் ரிவெட்டைச் சுற்றியும் தானாக ஓடி நிற்கும். கால் மணி நேரம் கழித்து, ஸ்பிரிட்டில் நனைத்துப் பிழிந்த தட்டைத் தூரிகையை மேலிருந்து கீழாக இழுங்கள்: அசல் மழைக்கறை! பவுடரில் இது இவ்வளவு எளிதில் வராது.

நீடித்து நிற்பது
வாஷ்: காய்ந்தபின் கைபட்டாலும் போகாது.
பவுடர்: விரல் பட்டால் போய்விடும். மேட் வார்னிஷ் அடித்தால் நிற்கும், ஆனால் நிறம் மங்கும். அதனால் கொஞ்சம் தூக்கலாகவே பூசுங்கள்.

அடிக்கடி கையிலெடுத்து ஓட்டும் வேகனுக்கு வாஷ்தான். காட்சிக்கு நிற்பதற்கும், சக்கரச் சட்டத்தில் படியும் புழுதிக்கும் பவுடர். சக்கர அச்சின் முனையில் மட்டும் படவிடாதீர்கள், சக்கரம் இறுகிவிடும்.