கடைசிக்கு முந்தைய பஸ்: காரில்லாமல் இங்கிலாந்தைச் சுற்றிப் பார்ப்பது

இங்கிலாந்தில் ஒரு நகரத்திலிருந்து இன்னொரு நகரத்துக்குப் போக ரயில் போதும். நகரத்தை விட்டுக் கிராமத்துப் பக்கம் திரும்பியதும் எல்லாம் பஸ்ஸை நம்பித்தான் இருக்கிறது. பெரும்பாலான கிராமத் தடங்களில் மாலை ஐந்துக்கும் ஏழுக்கும் இடையில் கடைசி பஸ் போய்விடும். அதனால் ஒரு நாள் பயணத்தைத் திரும்பி வரும் பஸ்ஸிலிருந்து பின்னோக்கித் திட்டமிட வேண்டும். அதிலும் கடைசி பஸ்ஸைக் கணக்கில் வைக்காமல், அதற்கு முந்தைய பஸ்ஸை வைத்துக் கணக்குப் போடுவது நல்லது. முந்தையது வராமல் போனால் கடைசி பஸ் கையில் இருக்கும். கடைசி பஸ்ஸே வராமல் போனால் டாக்சிதான் கதி. பல கிராமங்களில் முன்கூட்டியே சொல்லிவைக்காமல் டாக்சியும் கிடைக்காது.

ரயில் ஏன் பாதியில் விட்டுவிடுகிறது என்பதற்கு 1963-இல் வெளிவந்த பீச்சிங் அறிக்கை முக்கியமான காரணம். 2,363 நிலையங்களையும் ஏறத்தாழ 5,000 மைல் தடத்தையும் மூடச் சொன்ன அறிக்கை அது. எல்லாமே மூடப்படவில்லை, ஆனால் இன்று சுற்றுலாப் பயணிகள் தேடிப் போகும் பல ஊர்கள் ரயிலை இழந்த காலம் அதுதான். காட்ஸ்வால்ட்ஸ் பகுதியின் சைரன்செஸ்டர் 1964-இல் இழந்தது; இப்போது பக்கத்து நிலையம் ஆறேழு கிலோமீட்டர் தள்ளியுள்ள கெம்பிள். ஏரி மாவட்டத்தின் கெசிக் 1972-இல் இழந்தது. இன்று பென்ரித்தில் இறங்கி எக்ஸ்4 அல்லது எக்ஸ்5 பஸ் பிடிக்க வேண்டும். (அந்த ஊரின் ஆங்கில எழுத்தில் டபிள்யூ உண்டு, உச்சரிப்பில் கிடையாது. ஓட்டுநரிடம் டிக்கெட் கேட்கும்போது இது தெரிந்திருந்தால் வேலை சுலபம்.)

நிலையத்தின் பெயரில் ஊர்ப் பெயர் இருக்கிறதே என்று நம்பி இறங்கிவிடக் கூடாது. ‘பார்க்வே’ என்று முடியும் நிலையங்கள் காரை நிறுத்திவிட்டு ரயில் ஏறுபவர்களுக்காக ஊருக்கு வெளியே கட்டியவை. பிரிஸ்டல் நகர மையத்துக்குப் போகிறவர் டெம்பிள் மீட்ஸில் இறங்க வேண்டும், பிரிஸ்டல் பார்க்வேயில் அல்ல. டிவர்ட்டன் பார்க்வே டிவர்ட்டனிலிருந்து பத்துக் கிலோமீட்டர் அளவில் தள்ளி இருக்கிறது. இவற்றையெல்லாம் மிஞ்சுவது டென்ட். இங்கிலாந்தின் பிரதான ரயில் தடங்களிலேயே மிக உயரமான நிலையம், 350 மீட்டர். டென்ட் கிராமமோ கீழே பள்ளத்தாக்கில், ஏறத்தாழ ஆறு கிலோமீட்டருக்கு அப்பால். மலைநடைக்கு அருமையான தொடக்கம். கிராமத்தில் தேநீர் குடிக்க நினைத்து இறங்கியவருக்கு நீண்ட நடை. ஊரைத் தேடும்போது நிலையத்தின் பெயரைப் பார்க்காமல், வரைபடத்தில் நிலையத்துக்கும் ஊருக்கும் உள்ள தூரத்தை அளந்து பாருங்கள்.

பஸ் கட்டணம் இப்போது நல்ல நிலையில் இருக்கிறது. இங்கிலாந்தில் ஒருவழிக் கட்டணத்துக்கு 2023 ஜனவரியில் 2 பவுண்ட் உச்சவரம்பு வந்தது. 2025 ஜனவரியிலிருந்து அது 3 பவுண்ட். 2027 மார்ச் வரை நீடிப்பதாக அறிவித்திருக்கிறார்கள். திட்டத்தில் சேர்ந்த நிறுவனங்களுக்கு மட்டும் இது பொருந்தும். இந்த வரம்பு நீண்ட தடங்களில்தான் அதிகம் உதவுகிறது. லங்காஸ்டரிலிருந்து கெண்டல், விண்டர்மியர், ஆம்பிள்சைட், கிராஸ்மியர் வழியாகக் கெசிக் போகும் 555, லீட்ஸிலிருந்து யார்க் வழியாக மூர் எனப்படும் திறந்த புதர்மேடுகளைக் கடந்து விட்பி கடற்கரைக்குப் போகும் 840 ஆகிய இரண்டும், காரில் போகிறவருக்குக்கூடப் பரிந்துரைக்கலாம் என்ற அளவுக்கு அழகான தடங்கள். மாடி பஸ்ஸின் மேல்தளத்தில் உட்கார்ந்தால் கல் சுவர்களுக்கு மேலாக முழுப் பள்ளத்தாக்கும் தெரியும். காரிலிருந்து அந்தச் சுவர்தான் தெரியும். ஆனால் வரம்பு ஒவ்வொரு ஏற்றத்துக்கும் தனித்தனி. வழியில் இறங்கி ஊர் பார்த்துவிட்டு மறுபடி ஏறினால் மறுபடி 3 பவுண்ட். ஒரே நாளில் மூன்றாவது முறை ஏறுவீர்கள் என்றால் அந்த நிறுவனத்தின் நாள் டிக்கெட் விலையைக் கேட்டுப் பாருங்கள்.

கிராமத்து பஸ் அட்டவணையைப் படிப்பது தனி வித்தை. நிரலின் தலையில் இருக்கும் சின்னக் குறியீட்டை விட்டுவிட்டு நேரத்தை மட்டும் பார்ப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் பிழை. ஒரு குறியீடு பள்ளி நாள்களில் மட்டும் என்று சொல்லும், இன்னொன்று சனிக்கிழமை இல்லை என்று சொல்லும். பிற்பகல் மூன்றரை, நான்கு மணிக்குச் செல்லும் வசதியான பஸ் பல இடங்களில் பள்ளிப் பிள்ளைகளுக்காக ஓடுவது. ஜூலை கடைசியிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை, சுற்றுலாப் பயணிகள் அதிகம் வரும் அதே வாரங்களில், அது ஓடாது. கோடைகால அட்டவணையும் குளிர்கால அட்டவணையும் வேறுவேறு. ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் சுவரை ஒட்டி ஹெக்ஸமிலிருந்து ஓடும் ஏடி122 போன்ற தடங்கள் பருவ காலத்தில் மட்டுமே முழுதாக ஓடுபவை. சுவரைக் கட்டத் தொடங்கிய ஆண்டே (கி.பி. 122, ஆங்கிலத்தில் ஏடி 122) அந்தத் தடத்தின் எண்.

கூகுள் மேப்ஸ் காட்டுவதை முதல் தேடலுக்கு வைத்துக்கொள்ளலாம். முடிவெடுக்க அது போதாது. நிறுவனத்தின் அட்டவணைப் படத்தைத் தரவிறக்கி கைபேசியில் சேமித்து வையுங்கள், ஏனென்றால் பள்ளத்தாக்குகளில் சிக்னல் இருக்காது. பஸ் இப்போது எங்கே வருகிறது என்பதைப் பார்க்க பஸ்டைம்ஸ் தளம் மிகவும் உதவும். ரயிலுக்கு ரியல்டைம் ட்ரெயின்ஸ். நிறுத்தத்தில் நிற்கும்போது கையைப் பக்கவாட்டில் நீட்ட வேண்டும். சும்மா நின்றால் பஸ் நிற்காமல் போய்விடும். சில கிராமங்களில் சாலையின் ஒரு பக்கத்தில் மட்டும் நிறுத்தப் பலகை இருக்கும். எதிர்த்திசையில் போக வேண்டியவர் அதற்கு நேர் எதிரே, ஓட்டுநர் கண்ணில் படும்படி நிற்க வேண்டும். சிறு ரயில் நிலையங்களிலும் சிலவற்றில் இதே வழக்கம்: பிளாட்ஃபாரத்தில் கை காட்டினால்தான் வண்டி நிற்கும், இறங்க வேண்டுமானால் கார்டிடம் முன்பே சொல்ல வேண்டும்.

கார் இல்லாதவருக்கு ஒரு பெரிய வசதி உண்டு: நடந்து முடித்த பிறகு புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டியதில்லை. காரில் வந்தவர் வட்டமாக நடந்தாக வேண்டும். ரயிலில் வந்தவர் ஒரு நிலையத்தில் இறங்கி இன்னொரு நிலையத்தில் ஏறலாம். இதற்கு ஷெஃபீல்டுக்கும் மான்செஸ்டருக்கும் இடையிலான ஹோப் பள்ளத்தாக்குத் தடத்தை விடச் சிறந்ததைச் சொல்வது கடினம். ஈடேலில் இறங்கி, 517 மீட்டர் உயர மாம் டார் ஏறி, ஹாலின்ஸ் கிராஸ், பேக் டார், லூஸ் ஹில் என்று முகடு வழியே நடந்து ஹோப் நிலையத்தில் முடிக்கலாம். நிதானமாக நான்கு மணி நேரம். ஹோப் கிராமத்திலிருந்து நிலையம் ஒரு கிலோமீட்டர் தள்ளி என்பதால் அதற்கு இன்னொரு கால் மணி சேர்த்துக்கொள்ளுங்கள். செட்டில்–கார்லைல் தடத்தில் ரிபிள்ஹெட்டில் இறங்கினால் 24 வளைவுப் பாலம் கண்முன்னே நிற்கும். அங்கிருந்து 723 மீட்டர் இங்கிள்பரோ ஏறி மறுபக்கம் ஹார்ட்டன் நிலையத்துக்கு நடந்து இறங்குவது நல்ல முழுநாள் நடை. இங்கே வண்டிகளுக்கு இடையே இரண்டு மணி நேரம்கூட ஆகலாம் என்பதால் மலை உச்சியிலேயே கடிகாரம் பார்க்க வேண்டும்.

தெற்கே என்றால் சசெக்ஸ் கடற்கரை. பிரைட்டனுக்கும் ஈஸ்ட்போர்னுக்கும் இடையே ஓடும் 12-ஆம் எண் பஸ் ஞாயிற்றுக்கிழமையும் அடிக்கடி உண்டு. செவன் சிஸ்டர்ஸ் வெள்ளைப் பாறைகளைப் படங்களில் பார்க்கும் அந்தக் காட்சி சீஃபோர்டு பக்கத்திலிருந்து எடுப்பது. அங்கிருந்து நேரே பாறைகளின் மேல் நடந்துவிடலாம் என்று தோன்றும். நடுவே கக்மியர் ஆறு. முகத்துவாரத்தில் பாலம் கிடையாது. எக்சீட் பாலம் வரை உள்ளே நடந்து சுற்றி வர வேண்டும், அதற்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கலாம். பாறை விளிம்பு சுண்ணாம்புக் கல். அடியில் அரித்திருக்கும், முன்னறிவிப்பின்றிச் சரியும். பல அடி தள்ளியே நடங்கள்.

இந்த நடைகளுக்கு பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் வரிசை வரைபடம் வேண்டும், 1:25,000 அளவு. பொதுப் பாதைகள் அதில் பச்சைக் கோடுகளாக இருக்கும்; களத்தில் மஞ்சள் அம்பு நடைபாதை, நீல அம்பு குதிரையும் சைக்கிளும் போகக்கூடிய பாதை. தனியார் வயலுக்கு நடுவே போனாலும் அந்தப் பாதையில் நடப்பது சட்டப்படி உங்கள் உரிமை.

ரயில் டிக்கெட்டுக்கு வருவோம். அட்வான்ஸ் டிக்கெட் மலிவு, பொதுவாகப் பன்னிரண்டு வாரங்களுக்கு முன்பு விற்பனைக்கு வரும், குறிப்பிட்ட ஒரே வண்டிக்கு மட்டும் செல்லும். கிராமத்துக்குப் போகும்போது இதைப் போகும் வழிக்கு மட்டும் எடுப்பது நல்லது. திரும்பும் வழிக்கு எடுத்தால், பஸ் பத்து நிமிடம் தாமதித்தாலே டிக்கெட் வீண். பஸ் தாமதத்துக்கு ரயில் நிறுவனம் பொறுப்பேற்காது. ஆஃப்-பீக் ரிட்டர்ன் (நெரிசல் இல்லாத நேரத்துக்கான போய்வரும் டிக்கெட்) கொஞ்சம் கூடுதல் விலை, ஆனால் அனுமதிக்கப்பட்ட எந்த வண்டியிலும் ஏறலாம், பெரும்பாலும் வழியில் இறங்கி ஊர் பார்த்துவிட்டும் தொடரலாம். டிக்கெட்டில் ஏதாவது நிறுவனத்தின் பெயரோடு ‘மட்டும்’ என்று இருந்தால் அதே தடத்தில் வரும் மற்ற நிறுவன வண்டியில் ஏறக் கூடாது. செல்லாத டிக்கெட்டோடு சிக்கினால் அபராதக் கட்டணம் 100 பவுண்டும் அதன் மேல் ஒருவழிக் கட்டணமும்; 21 நாள்களுக்குள் கட்டினால் 100 என்பது 50 ஆகும்.

ரயில்கார்டு என்ற தள்ளுபடி அட்டை ஓராண்டுக்கு 35 பவுண்ட், பெரும்பாலான கட்டணங்களில் மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி. ஆண்டுக்கு 105 பவுண்டுக்கு மேல் டிக்கெட் வாங்குகிறவருக்கு அது லாபம். லண்டனிலிருந்து இரண்டு நீண்ட பயணங்களிலேயே தேறிவிடும். இருவராகப் போகிறவர்களுக்கான கார்டு வார நாள்களில் காலை 9:30-க்கு முன் செல்லாது. கைபேசியில் கார்டை வைத்திருந்து சார்ஜ் தீர்ந்துவிட்டால் கார்டு இல்லாதவராகவே கருதப்படுவீர்கள், ஆகவே பவர் பேங்க் கட்டாயம். டிக்கெட்டைத் துண்டு துண்டாக வாங்குவதும் சட்டப்படி சரியே; துண்டிக்கும் நிலையத்தில் அந்த வண்டி நின்றால் போதும், நீங்கள் இறங்க வேண்டியதில்லை. லண்டன்–பிரிஸ்டல் டிக்கெட்டை டிட்காட்டில் பிரிப்பது இதற்குப் பழகிய உதாரணம்.

வண்டி தாமதமானால் இழப்பீடு கேட்க மறக்காதீர்கள். பல நிறுவனங்களில் 15 நிமிடத்திலிருந்தே ஒருவழிக் கட்டணத்தில் கால் பங்கு, 30 நிமிடத்துக்குப் பாதி, ஒரு மணி நேரத்துக்கு முழுதும். 28 நாள்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ரயில் தாமதத்தால் கடைசி ரயிலைத் தவறவிட்டால், உங்களைச் சேரவேண்டிய நிலையத்துக்குக் கொண்டுசேர்க்க வழி செய்வது ரயில் நிறுவனத்தின் வேலை; கிளம்புவதற்கு முன் நிலைய ஊழியரிடமோ உதவி எண்ணிலோ சொல்லுங்கள். இந்தப் பாதுகாப்பு பஸ்ஸுக்கு நீளாது. எனவே ரயிலிலிருந்து கடைசி பஸ்ஸுக்கு மாறும் திட்டத்தைப் போடவே போடாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை தனிக் கணக்கு. தண்டவாளப் பராமரிப்பு பெரும்பாலும் அன்றுதான். ரயிலுக்குப் பதில் பஸ் விடுவார்கள், நேரம் இரட்டிப்பாகலாம், சைக்கிள் ஏற்ற முடியாமல் போகலாம். கிராமத் தடங்கள் பலவற்றில் ஞாயிறு பஸ்ஸே கிடையாது. வங்கி விடுமுறை எனப்படும் பொது விடுமுறைத் திங்களும் ஞாயிறு போலத்தான். கிறிஸ்துமஸ் அன்று ரயில் இல்லை. வாரநாள் ஒன்று கையில் இருந்தால் கிராமத்துக்கு அதைச் செலவிட்டு, ஞாயிறை பாத், யார்க், நாரிச் போன்ற நகரங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

டிசம்பரில் மாலை நான்கு மணிக்குள் இருட்டிவிடும். பஸ் ஆறு மணிக்கு இருந்தாலும் நடை மூன்றரைக்குள் முடிய வேண்டும். தலைவிளக்கு ஒன்று பையில் இருக்கட்டும். கிராமத்துச் சாலைகளில் நடைபாதையோ தெருவிளக்கோ இருக்காது, வளைவில் வரும் கார் உங்களைக் காணாது. சிறு நிலையங்களில் கழிப்பறையும் கிடையாது, பெட்டியை வைத்துவிட்டுப் போக இடமும் கிடையாது. சுமையோடு வருகிறவர்கள் கெண்டல், ஸ்கிப்டன், ஹெக்ஸம் போன்ற ரயிலும் பஸ்ஸும் சேரும் ஊரில் இரண்டு மூன்று இரவு தங்கி, அங்கிருந்து தினமும் வெறுங்கையோடு போய் வரலாம்.