அப்பாவின் சட்டைப் பைக்குப் பின்னால் ஒரு பேட்டரி: டிபிஎஸ் கருவியுடன் மூன்று வருடம்

அப்பா அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வலது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தானாக உரசிக்கொள்ள ஆரம்பித்தபோது, "சில்லறை எண்ணின கை, சும்மா இருக்குமா?" என்று வீட்டில் கேலி செய்தோம். அது பார்க்கின்சன் என்று தெரியவர ஒரு வருடம் ஆனது.

ஒன்பது வருடம் சின்டோபா மாத்திரையில் ஓடியது. கடைசியில் இரண்டரை மணி நேரத்துக்கு ஒன்று. மாத்திரை வேலை செய்தால் உடம்பு தானாக நெளியும், தீர்ந்தால் மரக்கட்டை. அப்போதுதான் டாக்டர் டிபிஎஸ் (டீப் பிரெய்ன் ஸ்டிமுலேஷன், அதாவது மூளையின் ஆழத்தில் மின்துடிப்பு கொடுக்கும் வைத்தியம்) பற்றிச் சொன்னார். மூளைக்குள் இரண்டு பக்கமும் மெல்லிய கம்பி. அது காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் இறங்கி மார்பில் உள்ள பேட்டரியில் சேரும். அப்பாவுக்கு அது சரியாகச் சட்டைப் பைக்குப் பின்னால் இருக்கிறது. 1987இல் பிரான்சின் கிரனோபிளில் பெனாபிட் என்ற டாக்டர் நடுக்கத்துக்குத் தொடங்கிவைத்த வைத்தியம் என்பதால், சோதனை எலி ஆகிறோமோ என்ற பயம் இல்லை. பயமெல்லாம் பணத்தில்தான்.

சார்ஜ் ஏற்றத் தேவையில்லாத பேட்டரி விலை குறைவு. ஆனால் நாலைந்து வருடத்தில் மார்பைத் திறந்து மாற்ற வேண்டும். சார்ஜ் ஏற்றுவது பதினைந்து வருடம் வரும் என்றார்கள். கடன் வாங்கி இரண்டாவதையே எடுத்தோம்.

ஆபரேஷன் முடிந்த மறுநாளே நடுக்கம் பாதியாகக் குறைந்திருந்தது. கருவியை இன்னும் ஆன் செய்யவே இல்லை! கம்பி நுழைந்த இடத்தின் வீக்கத்தால் வரும் தற்காலிகச் சுகம் அது. பத்து நாளில் நடுக்கம் திரும்பியதும் அம்மா அழுதுவிட்டார். முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

மூன்று வாரம் கழித்து முதல் புரோகிராமிங். நொடிக்கு 130 துடிப்பு என்று வைத்துக்கொண்டு, மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். 2 மில்லியாம்பியரில் ஃபேன் நிற்பதுபோல விரல்கள் மெல்ல நின்றன. இன்னும் ஏற்றியதும் உதடு ஒரு பக்கம் இழுத்து நாக்கு குழறியது, உடனே இறக்கினார்கள். சரியான அளவு பிடிபட ஆறு மாதம், ஐந்து சென்னைப் பயணம். கருவியின் விலையைக் கேட்பவர்கள் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள்: புரோகிராமிங் செய்ய உங்கள் ஊரில் ஆள் உண்டா?

சார்ஜரைப் பற்றித்தான் எனக்குக் கோபம். தோளில் மாலைபோலப் போட்டுக்கொள்ளும் கனமான பட்டை. வாரம் ஒரு முறை, ஒன்றரை மணி நேரம். இரண்டு விரல்கடை நகர்ந்தாலும் கீச்சென்று கத்தும். திருநெல்வேலி மே மாதத்தில் அது சூடேறி, வியர்வையில் வழுக்கி... இதை வடிவமைத்தவர் குளிர் நாட்டுக்காரராகத்தான் இருக்க வேண்டும். ஒரு தீபாவளி களேபரத்தில் சார்ஜ் போட மறந்துவிட்டோம். கருவி நின்ற சில நிமிடங்களில் விரல்கள் பழையபடி சில்லறை எண்ணத் தொடங்கின; சாயங்காலத்துக்குள் உடம்பும் இறுகிவிட்டது. கம்பெனியின் உதவி எண்ணில் அன்று முழுக்க மணி அடித்ததே தவிர யாரும் எடுக்கவில்லை. சார்ஜ் ஏறியதும் சரியாகிவிட்டது என்பது வேறு விஷயம்.

இன்னொன்று. தோள்வலிக்குப் போனபோது பிசியோதெரபியில் டயதெர்மி, அதாவது மின்காந்த அலையால் உள்ளே சூடு கொடுக்கும் சிகிச்சை, வைக்கலாம் என்றார்கள். நல்ல வேளை, நான் கூட இருந்தேன். அந்தச் சூடு கம்பி வழியாக மூளைக்கே போகும். டிபிஎஸ் வைத்தவர்களுக்கு அது கூடவே கூடாது. உடம்பில் கருவி இருப்பதைச் சொல்லும் அட்டையை அப்பா இப்போது சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறார்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தருவேன். சின்டோபா பாதியானது. நெளிச்சல் அநேகமாக இல்லை. பால் கணக்கை அப்பாவே எண்ணிக் கொடுக்கிறார், விரலை நாக்கில் தொட்டு, நோட்டை மடித்து, அதே பழைய தோரணையில். ஆனால் மாத்திரைக்குக் கேட்காதது பெரும்பாலும் இதற்கும் கேட்காது. நடுக்கம் மட்டும்தான் விதிவிலக்கு. திரும்பும்போது தடுமாறுவது அப்படியே இருக்கிறது. குரலும் தேறவில்லை, பக்கத்து அறைக்கே கேட்காது. அதற்கு அப்பாவே வழி கண்டுபிடித்துவிட்டார். பரணிலிருந்து பழைய விசிலை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறார். ஒரு விசில் என்றால் அம்மா வர வேண்டும். இரண்டு என்றால் போகலாம்.