2019-ல் வாங்கிய புதுப்பேட்டை ஆல்டர்னேட்டர்: இன்றைய நிலவரம்

மாருதி எஸ்டீம் கார் வைத்திருக்கும் நண்பர் ஒருவர், ஏசி கம்ப்ரஸருக்காகச் சென்னையில் பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டைக்குப் போகலாமா என்று போன வாரம் கேட்டார். அதே வாரம் என் மாருதி ஜென் காரின் ஆல்டர்னேட்டரை, அதாவது இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தந்து பேட்டரியை சார்ஜ் செய்யும் சாமானை, பேரிங் மாற்றுவதற்காகக் கழற்ற வேண்டி வந்தது. அதுவும் புதுப்பேட்டைச் சாமான்தான். அவருக்குப் போனில் சொன்னதைக் கொஞ்சம் விரிவாகவே இங்கே எழுதுகிறேன்.

வண்டி 2002 மாடல், எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் வழியே பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜின்). கூடவே வந்த ஆல்டர்னேட்டரின் காயில் (செம்புக் கம்பிச் சுருள்) கருகிப்போனதும் முதலில் புதிதாக ஒரு லோக்கல் பீஸ் வாங்கி மாட்டினோம். மழையில் ஹெட்லைட், வைப்பர், புளோயர் மூன்றையும் ஒன்றாகப் போட்டால் வோல்டேஜ் பதின்மூன்றுக்குக் கீழே இறங்கும், டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு மினுக்கும். ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை. இந்த ஜென் உற்பத்தியே 2006-ல் நின்றுவிட்டது. ஒரிஜினல் புதுசு கிடைத்த ஒரே இடத்தில் விலை கேட்டு மலைத்துப்போய்த்தான் புதுப்பேட்டைக்குப் போனேன்.

எழும்பூருக்குப் பக்கத்தில், கூவத்தை ஒட்டிய அந்தச் சந்துகளைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அங்கே வேலை செய்பவர்களின் கைக்கு இருக்கும் அறிவை நேரில் பார்க்க வேண்டும். குவியலிலிருந்து ஒன்றை எடுத்து, மவுண்டிங் காதைப் பார்த்துவிட்டு, "இது ஆம்னி சார், உங்களுக்கு உட்காராது" என்று தள்ளி வைத்தார் கடைப் பெரியவர். அடுத்ததன் புல்லியை விரலால் சுழற்றிக் காதருகே பிடித்தார். மூன்றாவதை மூக்கருகே கொண்டுபோனார். வார்னிஷ் கருகிய வாடை இல்லாததைத்தான் எனக்குக் கொடுத்தார். 2,200 ரூபாய், மாட்டிப் பார்க்கும் வரை கேரண்டி.

மாட்டிய அன்று, எல்லா விளக்கும் எரிய, ஐட்லிங்கில் 14.1 வோல்ட். போன வாரம் கழற்றும் முன் பார்த்தபோதும் 14-க்குக் குறையவில்லை. இடையில் ஒரு தடவை கார்பன் பிரஷ் மாற்றியதோடு சரி. ஆல்டர்னேட்டரில் தேய்வது பிரஷ்ஷும் பேரிங்கும்தான். சூட்டில் அடிவாங்குவது வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும், மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டயோடும். நல்ல செம்பில் ஒழுங்காகச் சுற்றிய காயிலும் அலுமினிய உடலும் வண்டியை விட அதிக நாள் இருக்கும். அதை உலையில் போட்டால் செம்பும் அலுமினியமும் திரும்பக் கிடைக்கும். தாதுவிலிருந்து அலுமினியம் எடுக்கச் செலவாகும் எரிசக்தியில் சுமார் ஐந்து சதவீதம் போதும் பழையதை உருக்க, அதுவும் பெரிய விஷயம்தான். ஆனால் இன்னும் பத்து வருடம் ஓடக்கூடிய ஒன்றை உருக்குவது எனக்கு மனசு கேட்காத காரியம். அந்த வகையில் இந்தச் சாமானுக்கு நூற்றுக்கு நூறு தருவேன்.

இப்போது என்னை இன்று வரை உறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஆல்டர்னேட்டரின் உடலில் விவரம் பொறித்த பெயர்ப்பலகை இல்லை. இரண்டு சின்ன ரிவெட் துளைகள் இருக்கின்றன, அவற்றின் நடுவே உளி பட்ட கீறல் ஒன்று. விழுந்து தொலைந்த பலகை இல்லை, பெயர்த்து எடுத்தது. பார்ட் நம்பர், ஆம்பியர், தயாரித்த வருடம் எல்லாம் அதோடு போயிற்று. ஜென்னில் கார்புரேட்டர் காலம், எம்.பி.எஃப்.ஐ. காலம் என்று இரண்டு இருப்பதால் ஒவ்வொரு தடவையும் எலெக்ட்ரீஷியன் முழுசாகப் பிரித்து அளந்த பிறகுதான் கடைக்கு ஆள் அனுப்ப முடிகிறது. பிரஷ் மாற்றியபோதும் அப்படித்தான், இந்த முறையும் அப்படித்தான். அரை மணி நேர வேலைக்கு வண்டி இரண்டு நாள் ஷெட்டில் கிடக்கிறது.

வேலை இழுப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஏன் பெயர்த்தார்கள் என்ற கேள்வியைத்தான் பொறுக்க முடியவில்லை. யாரோ ஒருவருடைய வாசலிலிருந்து காணாமல்போன வண்டியின் சாமானா இது? அல்லது 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கி, இன்சூரன்ஸ்காரர்கள் மொத்த இழப்பு என்று கணக்குத் தீர்த்து ஏலத்தில் விட்ட வண்டியுடையதா? தண்ணீரில் நின்ற மின்சாரச் சாமான் வெளியே பளிச்சென்று இருக்கும், உள்ளே பச்சை பூத்திருக்கும். எனக்கு வாய்த்தது அப்படி இல்லை. ஆனால் அது பிரித்துப் பார்த்தபோதுதானே தெரிந்தது, வாங்கும்போது இல்லையே.

2021-ல் வந்த வாகன அழிப்பு மைய விதிகளில், பிரிக்க வரும் வண்டி திருடுபோனதா என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. நல்ல விதி. 2025 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கும் ஆயுள் முடிந்த வாகன விதிகள், கம்பெனிகளின் பொறுப்பை மீட்கப்படும் இரும்பின் எடையை வைத்துக் கணக்கிடுகின்றன. அதுவும் வரட்டும். ஆனால் கழற்றிய கதவிலும் கியர்பாக்ஸிலும் ஆல்டர்னேட்டரிலும் எந்த வண்டி, எந்த வருடம் என்று ஒரு சீட்டு ஒட்டினால்தான் வாங்குகிறவனுக்கு உதவி. புதுப்பேட்டையிலேயே தங்கள் கடைச் சாமான் என்று அடையாளம் தெரிய மஞ்சள் பெயின்ட்டில் எழுத்துப் போடுகிறார்கள். அதே பெயின்ட்டில் சேஸிஸ் நம்பரின் கடைசி ஐந்து இலக்கத்தையும் எழுத எவ்வளவு நேரமாகும்? யோக்கியமாகத் தொழில் செய்கிற அந்தப் பெரியவருக்குத்தான் அதனால் முதல் லாபம்.

சரி, நண்பருக்குப் பதில். இவ்வளவு நன்றாக உழைத்த சாமானைக் கையில் வைத்துக்கொண்டும், பலகை இல்லாத கம்ப்ரஸரை வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். பலகை இருந்தாலும் குழாய் வாய் இரண்டும் மூடியிருக்கிறதா பாருங்கள். திறந்து கிடந்தால் உள்ளே இருக்கும் ஆயில் காற்றின் ஈரத்தை இழுத்திருக்கும், அதை நம்பி கேஸ் ஏற்றினால் காசு போச்சு. ஏசியில் ஈரத்தை உறிஞ்சும் டிரையரும், குழாய் இணைப்பில் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கும் எப்படியும் புதுசாகத்தான் போட வேண்டும். பிரேக் சாமான், சீட் பெல்ட், ரப்பர் ஹோஸ், டைமிங் பெல்ட் இவற்றைப் பழசில் யார் கொடுத்தாலும் வேண்டாம். கதவு, பம்பர், ஹெட்லைட், கண்ணாடி என்றால் தாராளமாகப் போங்கள். என் ஜென்னுக்கும் பின் கதவுக் கண்ணாடி ஏற்றும் ரெகுலேட்டர் ஒன்று தேவைப்படுகிறது, போகிற நாளில் சொல்லுங்கள், சேர்ந்தே போகலாம்.