ஏரல் பக்கம் போய் வந்தேன்: அரிசி வந்தது, அடங்கல் வரவில்லை

தாமிரபரணிக் கரையில், தூத்துக்குடி மாவட்டம் ஏரல் வட்டத்தில் எங்கள் ஊர். 2023 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம் ஊரில் நிதானமாக இருக்க, இந்த ஆடியில்தான் துபாயிலிருந்து லீவு கிடைத்தது. சுவரில் தண்ணீர் நின்ற தடம் வெள்ளையடித்ததில் மறைந்துவிட்டது. வாழையும் மறுபடி நிற்கிறது. ஆனால் நான் லீவு முழுக்க அலைந்தது அந்த வெள்ளத்தில் போன காகிதங்களுக்காக.

டிசம்பர் 17 காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை. எங்கள் மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கவே சராசரியாக அவ்வளவு பெய்வதில்லை. ஆற்று வெள்ளம் ஒரு பக்கம், உடைந்த குளத்துத் தண்ணீர் இன்னொரு பக்கம். பீரோவின் கீழ்த்தட்டு நாள்கணக்கில் தண்ணீரில் கிடந்தது. கிரயப் பத்திரத்தைச் சித்தி வெயிலில் போட்டு எடுத்துவைத்திருந்தார். தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. முத்திரை தெரிகிறது, எழுத்து இல்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பட்டாவை இணையத்தில் இலவசமாக எடுத்துவிடலாம். சர்வே எண் தெரிந்தால் ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகாது. பத்திரத்துக்குப் பதிவுத்துறை இணையதளத்திலேயே கட்டணம் கட்டி, சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பிக்கலாம். தங்கச்சி மகளின் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல் டிஜிலாக்கரில் இருந்தது. இடையில் ஒரு அலுவலகத்தில் "சர்வர் டவுன், சாப்பிட்டுட்டு வாங்க" என்றார்கள். சாப்பிட்டுவிட்டுப் போனால் பூட்டியிருந்தது. சரி, அது எந்த ஊரில்தான் இல்லை.

சிக்கல் அடங்கலில், அதாவது எந்த நிலத்தில் யார் என்ன பயிர் வைத்தார் என்று எழுதுகிற கிராமக் கணக்கில். சித்தப்பா பிசானப் பருவத்தில் நெல் போட்டது குத்தகை நிலத்தில். வாய்ப்பேச்சுக் குத்தகைதான், எழுத்து கிடையாது. 33 சதவீதத்துக்கு மேல் சேதமான நெல்லுக்கு அரசு அறிவித்த நிவாரணம் ஹெக்டேருக்கு 17,000 ரூபாய். அடங்கலில் இருந்ததோ நிலத்துக்காரர் பெயர். அவர் சென்னையில் இருக்கிறார், பணமும் அங்கே போய்ச் சேர்ந்தது.

"பயிர் வச்சது நான். பணம் போனது அவருக்கு. அவரையும் குறை சொல்ல முடியாதுப்பா, காகிதம் அவர் பேர்லதானே இருக்கு" என்றார் சித்தப்பா.

குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. ஆனால் பதிவு செய்யப் போனால் அடுத்த வருஷம் நிலம் கிடைக்காதோ என்கிற பயம். நிலத்துக்காரருக்கோ நிலமே போய்விடுமோ என்கிற பயம். இதில் அரசை மட்டும் திட்டி எனக்கு மனசு ஆறவில்லை. வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊர் நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருக்கிற நம்மில் எத்தனை பேர் எழுதிக் கொடுத்திருக்கிறோம்?

ரேஷன் கடை வழியாகக் கொடுத்த 6,000 ரூபாய் எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்கும் வந்திருக்கிறது. முதல் வாரத்தில் மனுசங்க செய்ததற்கும் குறையே இல்லை. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு மாட்டிக்கொண்டவர்களுக்குப் புதுக்குடிக்காரர்கள் பொங்கிப் போட்டார்களே, அந்த மாதிரிதான் எங்கும். துபாயிலிருந்து நாங்கள் அனுப்பிய அரிசியும் போர்வையும் வந்து குவிந்தன. எங்கள் வீட்டிலேயே ஒரு போர்வை இன்னும் பிரிக்காமல் கிடக்கிறது. அதற்கு அடுத்த மாதங்களுக்குத்தான் ஆளும் இல்லை, பணமும் இல்லை.

ஒரு சாயங்காலம் மடை பார்க்கிற அண்ணாச்சியோடு குளத்தங்கரையில் நடந்தேன். தண்ணீர் தெரியாத அளவுக்கு அமலைச்செடி, ஆகாயத்தாமரைதான். உபரித் தண்ணீர் வெளியேறுகிற மறுகாலுக்குப் போகிற வாய்க்காலில் உடைமரம் ஆளுயரத்துக்கு மேல். மடையைத் திறந்து மூடுகிற திருகைக் காட்டினார். துரு ஏறி, மரையே தெரியவில்லை.

"அன்னைக்கு ராத்திரி கடப்பாரையக் குடுத்து நாலு பேரு தொங்குனோம் தம்பி. இம்மி அசையல. கரை அந்தா, அந்த இடத்துல போச்சு" என்றார்.

அப்படிப்பட்ட மழைக்கு மடை திறந்திருந்தால் மட்டும் கரை தாங்கியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தத் திருகுக்கு ஒரு டப்பா கிரீஸ் வாங்கிக்கொடுக்க ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை, துபாயிலிருந்து லட்சக்கணக்கில் அனுப்பிய எங்களுக்கும் தோன்றவில்லை. பாசனம் பெறுகிற நிலம், அதாவது ஆயக்கட்டு, 100 ஏக்கருக்குக் குறைவு என்றால் குளம் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு, அதற்கு மேலே போனால் நீர்வளத்துறை. எங்கள் குளம் யாருடையது என்று கேட்டால் ஊரில் பாதிப் பேர் இந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், பாதிப் பேர் அந்தப் பக்கம். மனு எழுதுமுன் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வண்டல் அள்ள இப்போது இணையத்திலேயே விண்ணப்பித்து வட்டாட்சியரிடம் அனுமதி வாங்கலாம், மண் இலவசம். வயலுக்கும் நல்லது, குளத்துக்கும் ஆழம்.

பணம் அனுப்புகிறவர்களுக்கு ஒரு விஷயம். இந்தியக் குடியுரிமை வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வராது. சிங்கப்பூர், அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால் வரும். அதை வாங்க ஊர் அறக்கட்டளைக்கு மத்திய அரசின் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். ஒரே கணக்கில் எல்லோரும் போட்டுவிட்டு அப்புறம் முழிக்காதீர்கள்.

துபாயில் எங்கள் ஊர்க்காரர் குழுவில் சொல்லிவிட்டேன். இந்த வருஷ வசூல் ஐப்பசி மழைக்கு முன்னாடியே செலவாக வேண்டும்: வாய்க்காலில் உடைமரம் வெட்டக் கூலி, பள்ளிக்கூடத்தில் பூட்டிவைக்கத் தார்ப்பாயும் கயிறும் வெற்றுச் சாக்கும், காகிதங்களைப் போட்டுவைக்க வீட்டுக்கொரு ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறை, மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண்ணைத் தெருவுக்குத் தெரு பெயின்ட்டில் எழுதுவது. எல்லாம் சேர்த்தாலும் போன தடவை போர்வைக்குப் போன பணத்தில் பாதிகூட ஆகாது.

"இதுல போட்டோ போட என்ன அண்ணே இருக்கு?" என்று ஒருத்தன் கேட்டான். மடைத்திருகுப் படத்தை அனுப்பிவைத்தேன்.