பிரவுசர் இல்லாத ரியாக்ட்: ரியாக்ட் நேட்டிவ், எக்ஸ்போ மதிப்புரை

எட்டு ஆண்டுகளாக இணையதளங்கள் மட்டுமே செய்துவந்த எனக்கு, ஒரு மளிகைக் கடையின் ஆர்டர் தளத்தை ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்குமான செயலியாக்கித் தரும் வேலை வந்தது. செயலி உருவாக்கும் கருவியான ஃபிளட்டரை எடுத்தால் அதற்குரிய டார்ட் நிரல்மொழியை அரிச்சுவடியிலிருந்து கற்க வேண்டும் என்பதால், ஃபேஸ்புக் 2015-இல் ஓப்பன் சோர்ஸாக வெளியிட்ட ரியாக்ட் நேட்டிவை, அதன்மேல் அமைந்த எக்ஸ்போ என்ற கருவித்தொகுப்புடன் சேர்த்துத் தேர்ந்தெடுத்தேன். இணையத் திரைகளைக் கட்டும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகமான ரியாக்ட்டின் முறையிலேயே போன் செயலி எழுத இது உதவுவதால், ரியாக்ட் தெரிந்தவருக்கு எளிது என்பார்கள். அது பாதி உண்மை: கற்றுவைத்த ரியாக்ட் கைகொடுக்கிறது, பழகிவைத்த பிரவுசர்தான் காலை வாருகிறது.

தொடக்கம் இனிதாகவே இருந்தது. எக்ஸ்போவின் சோதனைச் செயலியான எக்ஸ்போ கோவைப் போனில் நிறுவி, கணினித் திரையில் தோன்றும் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தவுடன் எழுதிய நிரல் கையில் ஓடுகிறது. ஒரு வரியை மாற்றிச் சேமித்தால் போன் திரையும் உடனே மாறுகிறது. ஸ்டேட் (திரை நினைவில் வைக்கும் தரவு), ஹூக் (அந்தத் தரவைக் கையாளும் நிரல் துண்டு), ஃபெட்ச் (சர்வரிலிருந்து தரவு பெறுவது) எல்லாம் பழையபடியே இருப்பதால், கூடைக் கணக்குக்காகத் தளத்தில் எழுதியிருந்த ஹூக்கை ஓர் எழுத்துகூட மாற்றாமல் கொண்டுவர முடிந்தது.

சங்கடம் திரை வடிவமைப்பில் தொடங்குகிறது. இணையப் பக்கத்தைப் பிரிக்கும் பெட்டியான டிவ் இங்கே கிடையாது, அதன் இடத்தில் வியூதான். எந்த எழுத்தானாலும் டெக்ஸ்ட் என்ற கூறுக்குள்தான் இருக்க வேண்டும். வியூவுக்குக் கொடுத்த எழுத்து நிறம் உள்ளே இருக்கும் டெக்ஸ்ட்டுக்கு இறங்காது. கூறுகளை அடுக்கும் ஃபிளெக்ஸ்பாக்ஸ் முறை உண்டு, ஆனால் அது இணையத்தில்போலப் பக்கவாட்டில் அல்லாமல் இயல்பாகவே மேலிருந்து கீழாக அடுக்கும்.

தமிழில் செயலி செய்பவர் கவனிக்க வேண்டியது வரி உயரம். தளத்தில் 16 அளவு எழுத்துக்கு 18 வரி உயரம் வைத்திருந்தேன். எழுத்தின் சுழி வரியைத் தாண்டினாலும் பிரவுசர் அதை முழுதாக வரைந்துவிடும். அதே எண்களை இங்கே இட்டபோது ‘சீரகம்’, ‘மிளகு’ என்ற பெயர்களின் மேற்சுழிகள் ஆண்ட்ராய்டில் கத்தரித்தாற்போல நின்றன. வரி உயரத்தை 26 ஆக்கிய பிறகே சரியானது. ஆங்கிலப் பெயர்களை மட்டும் வைத்துச் சோதித்திருந்தால் இது கண்ணிலேயே பட்டிருக்காது.

நீண்ட பட்டியல்களிலும் இணையப் பழக்கம் உதவாது. ஆயிரத்துக்கு மேற்பட்ட பொருள்களை மேப் செய்து (ஒவ்வொன்றையும் திரைக் கூறாக்கி), உருட்டிப் பார்க்கும் பெட்டியான ஸ்க்ரோல்வியூவுக்குள் கொட்டினேன். அது அத்தனையையும் ஒரே மூச்சில் உருவாக்க முயல்வதால், கடைக்காரரின் பழைய போன் திணறியது. கண்ணுக்குத் தெரியும் பகுதியையும் அதன் அக்கம்பக்கத்தையும் மட்டும் உருவாக்கும் ஃபிளாட்லிஸ்ட்டுக்கு மாறிய பின் அதே போனில் பட்டியல் வழுக்கிக்கொண்டு ஓடியது.

எக்ஸ்போ கோவுக்குள் முன்பே சேர்க்கப்பட்ட நேட்டிவ் நூலகங்கள் (போனின் வசதிகளை நேரடியாக இயக்கும் ஆயத்த நிரல்கள்) மட்டுமே அதில் இயங்கும். வேறொன்று தேவைப்பட்டால் நமக்கென்று தனி டெவலப்மென்ட் பில்டு (நம் நூலகங்களையும் சேர்த்துக் கட்டிய சோதனைச் செயலி) எடுத்தாக வேண்டும். பில் அச்சிடும் ப்ளூடூத் பிரிண்டருக்காக நான் பிடித்த நூலகம் ஒன்று (பெயர் வேண்டாம்), 2024-இல் வந்த ரியாக்ட் நேட்டிவ் 0.76 பதிப்பிலிருந்து இயல்புநிலையாகிவிட்ட அதன் புதிய உள்கட்டமைப்புக்கு ஏற்ப மாற்றப்படாமலே கிடந்தது, அதோடு மல்லுக்கட்டியதில் இரண்டு வாரம் போயிற்று. நூலகத்தைச் சேர்க்குமுன் அதன் கடைசிப் பதிப்பின் தேதியைப் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது.

வெளியீட்டுக்கும் செலவும் பொறுமையும் வேண்டும். ஆப்பிள் ஆண்டுக்கு 99 டாலரும், கூகுள் ஒருமுறை 25 டாலரும் வாங்குகின்றன. கூகுள் பிளேயில் புதிதாகத் தொடங்கிய தனிநபர் கணக்கானால், குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாட்கள் சோதித்த பிறகே பொது வெளியீட்டுக்கு விண்ணப்பிக்க முடியும். மாலையில் எழுதியதை இரவே சர்வரில் ஏற்றிப் பழகியவருக்கு இது கசக்கும். எனினும் என்னைப் போல மேக் கணினி இல்லாதவரும் எக்ஸ்போவின் கிளவுட் சேவையில் ஐபோன் பில்டு எடுக்கலாம் என்பதும், ஜாவாஸ்கிரிப்ட் அளவிலான திருத்தங்களைப் புதிய பில்டு இன்றியே பயனர்களுக்கு அனுப்பலாம் என்பதும் பெரிய ஆறுதல்.

ஏற்கெனவே ரியாக்ட்டில் வேலை செய்பவருக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். வெறும் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் மட்டும் அறிந்தவர் டார்ட் கற்கும் உழைப்பை இதிலும் செலவிட நேரும் என்பதால், ஃபிளட்டரையும் ஒருமுறை பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். மளிகைக் கடையின் ஆர்டர்கள் இப்போது செயலியில்தான் வருகின்றன. பில் மட்டும் இன்றும் கல்லாப்பெட்டி அருகிலுள்ள கணினியில், பழைய இணையதளத்தின் வழியாகவே அச்சாகிறது.