இருநூறு ரூபாய் கேபிளா, எழுநூறு ரூபாய் கேபிளா?

போனில் இருக்கும் வீடியோவையும் போட்டோவையும் லேப்டாப்புக்கு மாற்ற ஒரு கேபிள் வேண்டும் என்று கடையில் கேட்டுப் பாருங்கள், "அறுபத்தஞ்சு வாட் தரட்டுமா, நூறு வாட் தரட்டுமா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். வாட் என்பது சார்ஜ் ஏறும் கணக்கு, டேட்டா போகும் வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அட்டையில் நூறு வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டு விற்கும் மலிவு கேபிள்களில் பெரும்பாலானவை 480 எம்பிபிஎஸ்தான் (நொடிக்கு 480 மெகாபிட்), அதாவது 2000-ஆம் ஆண்டில் வந்த யூஎஸ்பி 2.0 வேகம். அந்த 480 பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும், சிலவற்றில் அதுவும் இருக்காது. டேட்டாவுக்காக வாங்குகிறவர் முதலில் தேட வேண்டியது அந்தப் பொடி எழுத்தைத்தான்.

சரி, ரகம் ரகமாகப் பார்ப்போம்.

பிளாட்பாரத்திலும் பஸ் ஸ்டாண்டிலும் ஐம்பது ரூபாய்க்குத் தொங்கும் கேபிளிலிருந்து ஆரம்பிக்கலாம். யூஎஸ்பி 2.0-வில் டேட்டா போக நாலு கம்பி தேவை: கரண்டுக்குச் சிவப்பும் கறுப்பும், டேட்டாவுக்குப் பச்சையும் வெள்ளையும். விலையைக் குறைக்க நினைக்கிற ஆள் பச்சை, வெள்ளை இரண்டையும் விட்டுவிட்டால் போன் ஜோராகச் சார்ஜ் ஆகும், கம்ப்யூட்டருக்கோ அப்படி ஒரு போன் இருப்பதே தெரியாது. இது புரியாமல் கம்ப்யூட்டரில் இருக்கும் டிரைவர் சாஃப்ட்வேரை அழித்து, திரும்பப் போட்டு, விண்டோஸைத் திட்டி, ஒரு சாயங்காலத்தையே வீணடிப்பவர்கள் நிறைய. சொருகியதும் போனில் மேலிருந்து திரையை இழுத்துப் பாருங்கள், ஃபைல் டிரான்ஸ்ஃபர் என்று ஒரு வரி எங்கேயும் வரவில்லையென்றால் முதல் சந்தேகம் கேபிள் மேல்தான் வர வேண்டும்.

டேட்டா போகாதது கூடப் பரவாயில்லை, தப்பாகச் செய்த கேபிள் லேப்டாப்பையே பழுதாக்கிவிடலாம். ஒரு முனை பழைய செவ்வக யூஎஸ்பி-ஏ, மறுமுனை டைப்-சி என்று இருக்கும் கேபிளுக்குள் 56 கிலோ ஓம் மின்தடை ஒன்று இருக்க வேண்டும் என்பது விதி. அதுதான் போனிடம் "இந்தப் பக்கம் இருப்பது சாதாரண போர்ட், ரொம்ப இழுக்காதே" என்று சொல்கிறது. அதற்குப் பதிலாக 10 கிலோ ஓம் போட்டுவிட்டால் 3 ஆம்பியர் கிடைக்கும் என்று நம்பிப் போன் இழுக்கும், லேப்டாப் போர்ட்டோ அரை ஆம்பியர், ஒரு ஆம்பியருக்குச் செய்தது. கூகுள் என்ஜினியர் பென்சன் லியுங் 2015-இல் அமேசானில் விற்ற டைப்-சி கேபிள்களை வாங்கி ஒவ்வொன்றாகச் சோதித்து எழுத ஆரம்பித்தது இதனால்தான். 2016-இல் கம்பியையே மாற்றி இணைத்திருந்த ஒரு கேபிளால் அவர் சோதனைக்கு வைத்திருந்த குரோம்புக் பிக்சல் லேப்டாப்பே பழுதானது, அடுத்த மாதமே விதிக்கு உட்படாத டைப்-சி கேபிள்களை விற்கக் கூடாது என்று அமேசான் தடை போட்டது. அதற்குப் பிறகு நிலைமை நிறையத் தேறிவிட்டது, ஆனாலும் பெயரே இல்லாத ஐம்பது ரூபாய் கேபிளை ஐம்பதாயிரம் ரூபாய் லேப்டாப்பில் சொருக எனக்கு மனசு வராது. பவர் பேங்குக்கு வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

அடுத்தது, போன் பெட்டியிலேயே வந்த கேபிள். காசு கொடுக்க வேண்டாம், அந்தப் போனுக்கு என்றே வந்தது, டேட்டாவும் போகும். வேறு எதையும் வாங்குவதற்கு முன் மேஜை டிராயரைத் துழாவி அதை எடுத்துப் பாருங்கள். ஒரே குறை, அதுவும் பெரும்பாலும் யூஎஸ்பி 2.0-தான். ஐபோன் 15 ப்ரோ 10 ஜிபிபிஎஸ், அதாவது 10,000 எம்பிபிஎஸ் வரை போகும் என்று ஆப்பிள் பெருமையாகச் சொன்னது, பெட்டிக்குள் வைத்ததோ 480 எம்பிபிஎஸ் கேபிள். லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கியவருக்கே இந்தக் கதி!

பெட்டிக் கேபிள் தொலைந்துவிட்டால், அல்லது கழுத்து ஒடிந்துவிட்டால், நூற்றைம்பதிலிருந்து முந்நூறு ரூபாய்க்குள் ஆம்ப்ரேன், போர்ட்ரோனிக்ஸ் மாதிரி கொஞ்சம் பெயர் தெரிந்த கம்பெனிகளின் கேபிள் கிடைக்கும். பெரும்பாலானவர்களுக்கு என் சிபாரிசு இதுதான், ஏனென்றால் பட்ஜெட் போன்களில் பலவற்றின் போர்ட்டே யூஎஸ்பி 2.0 தான், ஐபோன் 15, 16-இன் சாதா மாடல்களும் அப்படித்தான். இவற்றில் எவ்வளவு விலையுள்ள கேபிளைச் சொருகினாலும் நொடிக்கு 30, 40 எம்பி தாண்டாது (எம்பி என்பது மெகாபைட், எட்டு மெகாபிட் சேர்ந்தால்தான் ஒரு மெகாபைட்). 20 ஜிபி கல்யாண வீடியோ மாற்ற ஏறக்குறைய பத்து நிமிடம் ஆகும், காபி போட்டுக் குடித்துவிட்டு வரலாம்.

இந்த விலையில் ஏ-டு-சி வாங்குவதா, சி-டு-சி வாங்குவதா என்பதில்தான் பலருக்குக் குழப்பம். லேப்டாப்பில் டைப்-சி ஓட்டை இருந்தால் சி-டு-சி நல்லது, 60 வாட் வரை தாங்கும் என்பதால் டைப்-சியில் சார்ஜ் ஆகிற லேப்டாப்புக்கும் அதுவே உதவும். ஆனால் ஒரு விஷயம், மலிவான புளூடூத் ஸ்பீக்கர், டிரிம்மர், சில இயர்பட்ஸ் இதெல்லாம் டைப்-சி ஓட்டை வைத்திருந்தும் சி-டு-சி கேபிளில் சார்ஜே ஆகாது. அந்தச் சாதனத்துக்குள் இருக்க வேண்டிய மின்தடையைக் கம்பெனிக்காரர்கள் வைக்காமல் விட்டிருப்பார்கள், பழி மட்டும் கேபிள் மேல் விழும். வீட்டில் ஒரே ஒரு கேபிள்தான் என்றால் நான் ஏ-டு-சி பக்கம்தான். கேமராவுக்கும் பழைய ஹார்ட் டிஸ்க்குக்கும் மினி, மைக்ரோ என்று வேறு முனைகள் உண்டு, அவற்றுக்குப் பொருளையே கடைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவது உத்தமம்.

இப்போது எழுநூறு ரூபாய் சங்கதிக்கு வருவோம். 5 அல்லது 10 ஜிபிபிஎஸ் என்று தெளிவாக அச்சடித்த கேபிள் அறுநூறு எழுநூறிலிருந்து ஆயிரம் வரை போகிறது. சாம்சங் கேலக்ஸி எஸ் வரிசை, கூகுள் பிக்சல், ஐபோன் ப்ரோ வைத்திருப்பவர்கள், அடிக்கடி பெரிய வீடியோ மாற்றுகிறவர்கள், எஸ்எஸ்டி என்கிற வேகமான வெளி டிஸ்க் வைத்திருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். எஸ்எஸ்டியில்தான் வித்தியாசம் முகத்தில் அறையும்: சாம்சங் டி7 எஸ்எஸ்டி நொடிக்கு 1,050 எம்பி வரை படிக்கும் என்கிறார்கள், அதைச் சார்ஜர் கேபிளில் சொருகினால் 40-இல் நின்றுவிடும். கங்கையே வந்தாலும் குழாய் அரை இஞ்ச் என்றால் அரை இஞ்ச் தண்ணீர்தான். லேப்டாப் பக்கத்து ஓட்டையும் யூஎஸ்பி 3, அதாவது 2.0-க்கு அடுத்து வந்த வேகமான ரகமாக இருக்க வேண்டும், பல லேப்டாப்களில் உள்ளே நீல நிற நாக்கு தெரியும். கேபிளின் ஏ முனையிலும் முன்னால் நாலு தகடு, அதற்குப் பின்னால் இன்னும் அஞ்சு தகடு இருந்தால் யூஎஸ்பி 3, வெறும் நாலுதான் என்றால் அட்டையில் என்ன எழுதியிருந்தாலும் நம்பாதீர்கள்.

தண்டர்போல்ட் 4 என்று இன்னும் வேகமான ஒரு கேபிள் ரகம் உண்டு, அது எல்லாவற்றையும் செய்யும், விலை ஆயிரக்கணக்கில். இந்தக் கட்டுரைக்கு அது தேவையில்லை.

அப்புறம் நீளம். படுத்துக்கொண்டே சார்ஜ் போட 2 மீட்டர், 3 மீட்டர் வசதிதான், டேட்டாவுக்கு 1 மீட்டர் போதும். 10 ஜிபிபிஎஸ் கேபிள்கள் பெரும்பாலும் 1 மீட்டருக்குள் முடிந்துவிடுவதற்குக் காரணம் உண்டு, நீளம் கூடக்கூட அந்த வேகத்தில் சிக்னல் தேய்ந்துவிடும். மேலே பின்னியிருக்கும் நைலான் உறை பார்க்க அழகு, உள்ளே இருக்கும் கம்பி தடிமனா என்பதை அது சொல்லாது. முனையும் கம்பியும் சேரும் கழுத்துப் பகுதியைக் கொஞ்சம் வளைத்துப் பாருங்கள், அங்கேதான் முதலில் போகும். மூன்று முனை உள்ள த்ரீ-இன்-ஒன் கேபிளும் காந்த முனை கேபிளும் டேட்டாவுக்கு வேண்டவே வேண்டாம், பலவற்றில் டேட்டா கம்பியே கிடையாது.

ஆன்லைனில் என்றால் ரிட்டர்ன் வசதி இருக்கும்போதே சோதித்துவிடுங்கள். ஆயிரம் குட்டிப் போட்டோ உள்ள ஃபோல்டரை வைத்துச் சோதிக்காதீர்கள், சின்னச் சின்ன ஃபைல் என்றால் எந்தக் கேபிளும் நொண்டும். ஒரே ஒரு பெரிய வீடியோவை மாற்றி, விண்டோஸ் காட்டும் எம்பி கணக்கைப் பாருங்கள், இரண்டு பக்கமும் யூஎஸ்பி 3 ஆக இருந்து 10 ஜிபிபிஎஸ் கேபிள் 40-ஐத் தாண்டவில்லையென்றால் உடனே திருப்பி அனுப்பிவிடலாம். சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு மாதிரி இடத்தில் நேரில் வாங்கினால் கடைக்காரர் கம்ப்யூட்டரிலேயே உங்கள் போனைச் சொருகிக் காட்டச் சொல்லுங்கள். அதற்கு யோசிக்கிறார் என்றால் பக்கத்துக் கடையிலும் கேபிள் விற்கிறார்கள்.