11டி ஆராய்ச்சி வரிச்சலுகை: முதலில் விண்ணப்பம், பிறகு செலவு

டர்பனில் மசாலா ஆலையோ பெயின்ட் பட்டறையோ நடத்துபவர்கள், பெரிய கம்பெனிகளுக்கான சலுகை என்று இந்த ஆராய்ச்சி வரிச்சலுகையை ஒதுக்கிவிடக் கூடாது. தென்னாப்பிரிக்க வருமான வரிச் சட்டத்தின் 11டி பிரிவு குறைந்தபட்சச் செலவு என்று எதையும் கேட்பதில்லை. கம்பெனியாகப் பதிந்திருக்க வேண்டும், ஆராய்ச்சி இந்த நாட்டுக்குள் நடக்க வேண்டும்.

100 ராண்ட் ஆராய்ச்சிச் செலவுக்கு வருமானத்தில் 150 ராண்ட் கழிக்கலாம். 27% வரியில் 40.50 ராண்ட் மிச்சம். சாதாரணச் செலவாக எழுதினால் 27 மட்டுமே. அந்த 13.50 வித்தியாசம் பொதுப்பணம்.

பலருக்குக் கைநழுவுவது தேதியில்தான். அறிவியல் துறையின் முன்அனுமதி கட்டாயம். 2024 ஜனவரி 1 முதல், விண்ணப்பத்துக்கு முந்தைய ஆறு மாதச் செலவையும் சேர்க்கலாம். நல்ல திருத்தம். ஆனாலும் ஜனவரியில் சோதனை தொடங்கி செப்டம்பரில் விண்ணப்பித்தால், முதல் இரண்டு மாதச் செலவுக்குக் கூடுதல் கழிவு கிடையாது.

அடுத்தது, விண்ணப்பத்தில் எதை எழுதுவது என்பது. மிளகாய்த்தூளில் புது ருசி கொண்டுவருவது ஆராய்ச்சி ஆகாது. சந்தை ஆய்வு, வழக்கமான தரச்சோதனை, இவையும் சேராது. நிறமும் காரமும் கெடாமல் பூஞ்சை நச்சான அஃப்லாடாக்சினைக் குறைக்கும் முறை, அந்தத் தொழில் தெரிந்தவருக்கே எளிதில் விடை கிடைக்காத கேள்வி என்றால், அது தகுதி பெற வழியுண்டு. இதுவரை தெரிந்தது எது, தெரியாதது எது, எப்படிச் சோதிப்பீர்கள், எதை அளப்பீர்கள் என்று பிரித்து எழுதுங்கள். பாதி நேரம் உற்பத்தியிலும் பாதி நேரம் சோதனையிலும் நிற்கும் ஊழியருக்கு நேரப்பதிவேடு வேண்டும். இல்லாவிட்டால் வருவாய்த் துறையின் தணிக்கையில் அந்தச் சம்பளம் ஆராய்ச்சிச் செலவாக ஏற்கப்படாது.

பெரிய குறை வேறு. லாபம் இருந்தால்தான் கழிவுக்குப் பயன். நட்டத்தில் தொடங்கும் சிறு கம்பெனி, வரி கட்டும் ஆண்டு வரை காத்திருக்க வேண்டும். ஆஸ்திரேலியா சிறு கம்பெனிகளுக்கு இதைப் பணமாகவே திருப்பித் தருகிறது. அரசு ஏன் உதவ வேண்டும்? ஒருவர் கண்டுபிடித்த முறை, வேலை மாறும் ஊழியரோடு அடுத்த ஆலைக்கும் போய்ச் சேர்கிறது. முழுப் பலனும் கண்டுபிடித்தவருக்குக் கிட்டாததால்தான் அரசு செலவில் பங்கெடுக்கிறது. நாட்டின் மொத்த ஆராய்ச்சிச் செலவோ உள்நாட்டு உற்பத்தியில் 1%-ஐ எட்டவில்லை. அரசின் அறிவியல் கொள்கையைச் சொல்லும் 2019 வெள்ளை அறிக்கையின் இலக்கு 1.5%. ஏற்கெனவே லாபம் பார்ப்பவருக்கு மட்டும் உடனே உதவினால், எப்படியும் நடந்திருக்கும் ஆராய்ச்சிக்கே பணம் போய்விடும்.

சலுகை 2033 டிசம்பர் 31 வரை உண்டு. அனுமதி கிடைத்தபின், ஒவ்வொரு வரியாண்டும் முடிந்து 12 மாதத்துக்குள் முன்னேற்ற அறிக்கை தராவிட்டால் அனுமதியே ரத்தாகலாம்.